4ஜி63 ஓவர்ஹால்: பேலன்ஸ் ஷாஃப்ட் இருக்கட்டுமா, போகட்டுமா?

மலேசியாவில் புரோட்டோன் வீரா காருக்குள் மிட்சுபிஷியின் நான்கு சிலிண்டர், 2 லிட்டர் எஞ்சினான 4ஜி63இன் டர்போ வகையை இறக்கியவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஜப்பானிலிருந்து ஹாஃப்கட்டாக, அதாவது பழைய காரை வெட்டியெடுத்த முன்பாதியோடு, வந்த எஞ்சின் சில ஆண்டுகள் உழைத்தபின் புகைவிடத் தொடங்குகிறது, அல்லது சூடேறியதும் ஆயில் பிரஷர் இறங்கிவிடுகிறது. ஓவர்ஹால் செய்வதென்று முடிவாகி பிளாக் வெறுமையாக நிற்கும்போது, கழற்றி வைத்த இரண்டு நீண்ட தண்டுகளை, அதாவது எஞ்சினின் அதிர்வை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளைக் காட்டி, “இது ரெண்டும் வேணாம் அண்ணே, எடுத்துட்டா எஞ்சின் இன்னும் நல்லா சுத்தும்” என்று மெக்கானிக் சொல்வார். பெரும்பாலோர் சரியென்று தலையசைத்துவிடுகிறார்கள். என் வீராவிலிருந்து அந்த ஷாஃப்டுகளை நானும் எடுத்திருக்கிறேன். என் மைத்துனரின் புரோட்டோன் பெர்டானாவில் அவற்றை அப்படியே விடச் சொன்னவனும் நான்தான். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆனால் பட்டறைகளில் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் அவை அல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேலன்ஸ் ஷாஃப்ட் எதைச் சமன்செய்கிறது என்பதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. 4ஜி63இன் சிலிண்டர் விட்டம் 85 மிமீ, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 88 மிமீ, பிஸ்டனையும் அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் 150 மிமீ. பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையிலிருந்து கிராங்க் கால் சுற்றுத் திரும்பினால், ஸ்ட்ரோக்கில் சரிபாதியான 44 மிமீ தூரம் பிஸ்டன் இறங்கியிருக்கும் என்றே யாருக்கும் தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ 50.6 மிமீ இறங்கிவிடுகிறது. ராடின் அடிமுனை பூட்டியிருக்கும் கிராங்கின் முளை பக்கவாட்டில் விலகும்போது ராடும் சாய்கிறது. அந்தச் சாய்வு பிஸ்டனை மேலும் 6.6 மிமீ கீழே இழுத்துவிடுகிறது. ஆகவே அடுத்த கால் சுற்றில் இறங்குவதற்கு மிச்சம் இருப்பது 37.4 மிமீ மட்டுமே.

இப்போது நான்கு பிஸ்டன்களையும் சேர்த்துப் பாருங்கள். ஓரத்து இரண்டும் உச்சியில் இருக்கும்போது நடுவில் உள்ள இரண்டும் அடியில் இருக்கின்றன. நான்கின் சராசரி உயரம் சரியாக நடுவில் அமைகிறது. கால் சுற்றுக்குப் பிறகு இறங்கும் இரண்டும் ஏறும் இரண்டும் ஒரே மட்டத்தில் சந்திக்கின்றன, ஆனால் அந்த மட்டம் நடுப்புள்ளியைவிட 6.6 மிமீ கீழே இருக்கிறது. அதாவது நான்கு பிஸ்டன்களின் மொத்த எடையும் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 6.6 மிமீ கீழிறங்கி மேலேறுகிறது. ஒரு சிலிண்டரில் ஏறி இறங்கும் எடையை, பிஸ்டன், அதை ராடோடு இணைக்கும் முளை, ரிங்குகள், ராடின் மேல்முனை எல்லாம் சேர்த்து, 600 கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 6000 ஆர்பிஎம்மில் இதனால் எழும் விசை 12,000 நியூட்டனைத் தாண்டுகிறது. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை பிளாக்கை நொடிக்கு 200 முறை மேலும் கீழும் உலுக்குவதற்கு அது சமம். வேகத்தின் வர்க்கத்தோடு இந்த விசை மாறுவதால் 3000 ஆர்பிஎம்மில் அது ஏறத்தாழ 310 கிலோவாகவும், 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் 22 கிலோவாகவும் குறைந்துவிடுகிறது.

இந்த எண்களில் பிஸ்டன்களுக்கு இடையிலான எடை வேறுபாடு எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு பிஸ்டன்களும் அரை கிராம்கூடப் பிசகாமல் இருந்தாலும், கிராங்க்‌ஷாஃப்டை எவ்வளவு நுட்பமான எந்திரத்தில் பேலன்ஸ் செய்திருந்தாலும், மேற்சொன்ன விசை அப்படியே இருக்கும். ஏனெனில் அது எடைப் பிசகால் வருவதன்று, ராடின் நீளத்தால் வருவது. “கிராங்க், ராட், பிஸ்டன் எல்லாவற்றையும் பேலன்ஸ் செய்துவிட்டேன், இனி பேலன்ஸ் ஷாஃப்ட் எதற்கு?” என்று கேட்பவர் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு ஒரே மருந்து போதும் என்று நினைக்கிறார். இதற்கு எதிர்த்திசையில் உள்ள தவறும் உண்டு. ஷாஃப்டுகளை எடுத்துவிட்டால் கிராங்கை மறுபடி பேலன்ஸ் செய்தாக வேண்டும் என்று சிலர் பணம் வாங்குகிறார்கள். கிராங்க் தன்னளவில் பேலன்ஸ் செய்யப்பட்ட உறுப்பு. இந்த ஷாஃப்டுகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

தீர்வு பழையது. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, கிராங்கைவிட இருமடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளைக் கொண்டு இந்த அதிர்வை அடக்க வழி காட்டினார். இரண்டும் எதிரெதிராகச் சுழல்வதால் அவற்றின் பக்கவாட்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மேல்கீழ் விசைகள் மட்டும் கூடி, பிஸ்டன்கள் எழுப்பும் விசையை எதிர்க்கின்றன. மிட்சுபிஷி 1970களின் நடுவில் தன் ஆஸ்ட்ரான் எஞ்சின்களில் இதைச் ‘சைலன்ட் ஷாஃப்ட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஒரு ஷாஃப்டை உயரத்திலும் மற்றொன்றைத் தாழ்விலும் வைத்து, எஞ்சின் பக்கவாட்டில் உருள முயலும் அதிர்வையும் சேர்த்து அடக்கியதுதான் அதில் அவர்கள் செய்த புதுமை. 1982இல் வந்த போர்ஷே 944இன் 2.5 லிட்டர் எஞ்சினுக்காகப் போர்ஷேயே மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றுத்தான் இதைப் பயன்படுத்தியது. சிறிய எஞ்சினுக்கு இது தேவைப்படாது என்பதற்கும் மிட்சுபிஷியிடமே சான்று உண்டு: 4ஜி63இன் உடன்பிறப்பான 1.6 லிட்டர் 4ஜி61இல் பேலன்ஸ் ஷாஃப்டுகள் கிடையாது.

அப்படியானால் இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை ஏன் எல்லோரும் எடுத்தெறியத் துடிக்கிறார்கள்? முதன்மையான காரணம் ஒரு மெல்லிய பெல்ட். 4ஜி63இல் ஒரு ஷாஃப்ட் ஆயில் பம்பின் பல்சக்கரத்தோடு இணைந்து, வால்வுகளைக் கிராங்கோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டின் தயவில் ஓடுகிறது. மற்றொன்றை ஓட்டுவதற்கென்றே டைமிங் பெல்ட்டுக்கு உள்பக்கமாக இன்னொரு சிறிய பெல்ட் இருக்கிறது. இந்தச் சிறிய பெல்ட் அறுந்தால் அதிர்வு கூடுவதோடு விஷயம் நிற்பதில்லை. அறுந்த துண்டு டைமிங் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் சிக்கிப் பல் தாண்டவைத்துவிடும். 4ஜி63 டர்போவில் டைமிங் தவறினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். நூறு ரிங்கிட்டைக்கூட எட்டாத ஒரு பெல்ட்டால் சிலிண்டர் ஹெட்டே போய்விடும் என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் அந்த அச்சத்துக்கு முதல் மருந்து பெல்ட்டை நேரத்துக்கு மாற்றுவது. அமெரிக்காவில் விற்ற கார்களுக்கு டைமிங் பெல்ட் மாற்ற 60,000 மைல் என்று கெடு வைத்திருந்தார்கள். ஹாஃப்கட்டாக வரும் எஞ்சினில் பழைய பெல்ட் எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது; இருந்தும் டைமிங் பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் சிறிய பெல்ட்டை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு அது அறுந்ததும் பழி ஷாஃப்ட் மீது விழுகிறது.

இரண்டாவது காரணம் இதைவிடச் சுவையானது. “ஷாஃப்ட் இருந்தபோதுதான் எஞ்சின் அதிகம் உதறியது, எடுத்தபிறகு அமைதியாகிவிட்டது” என்று சத்தியம் செய்பவர்கள் பலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயில் பம்ப் சக்கரத்தில் உள்ள குறியை நேராக வைத்தால் மட்டும் அதோடு இணைந்த ஷாஃப்ட் சரியான நிலையில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. குறி நேராக இருக்க, ஷாஃப்ட் தலைகீழாக நிற்கவும் வாய்ப்புண்டு. அதனால்தான் பிளாக்கின் பக்கத்தில் உள்ள ஒரு பிளக்கைக் கழற்றி, 8 மிமீ தடிமனுள்ள ஸ்க்ரூ டிரைவரை உள்ளே செலுத்திப் பார்க்கும்படி தொழிற்சாலைக் கையேடு சொல்கிறது. அது 60 மிமீ அல்லது அதற்கு மேல் உள்ளே போனால் ஷாஃப்ட் சரியாக நிற்கிறது. 20, 25 மிமீயிலேயே முட்டி நின்றால் ஆயில் பம்ப் சக்கரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பலர் இந்தச் சோதனையைச் செய்வதில்லை.

தலைகீழாகப் பூட்டினால் என்ன நடக்கும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம். பிஸ்டன்கள் எழுப்பும் விசையின் ஆளுக்குப் பாதியை எதிர்ப்பதுதான் ஷாஃப்டுகளின் வேலை. ஒன்று 180 பாகை தவறி நின்றால் இரண்டின் மேல்கீழ் விசைகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிஸ்டன்களின் முழு விசையும் எதிர்ப்பின்றி நிற்கும். அழிய வேண்டிய பக்கவாட்டு விசைகளோ கூடிக்கொண்டு, அதே அளவுக்கு எஞ்சினைப் பக்கவாட்டில் உலுக்கும். ஷாஃப்டே இல்லாத எஞ்சினைவிட இது மோசம் என்பதில் ஐயமில்லை. இந்த நிலையில் இருந்த எஞ்சினிலிருந்து ஷாஃப்டுகளை எடுத்தவர் அது அமைதியானதாக உணர்ந்ததில் வியப்பு எதுவும் இல்லை.

இதே கணக்கு அரைகுறை வேலைக்கும் பொருந்தும். எஞ்சினைத் திறக்க மனமில்லாதவர்கள் சிறிய பெல்ட்டை மட்டும் வெட்டி எடுத்துவிடுவது உண்டு. அப்போது ஆயில் பம்போடு இணைந்த ஷாஃப்ட் தொடர்ந்து சுழல்கிறது, மற்றது நின்றுவிடுகிறது. மேல்கீழ் விசை பாதியாகக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் முன்பு இல்லாத பக்கவாட்டு விசை ஒன்று அதே பாதி அளவுக்கு முளைக்கிறது. ஷாஃப்ட் நடுக்கோட்டிலிருந்து விலகி இருப்பதால் உருட்டும் அதிர்வும் சேர்ந்துகொள்கிறது. கழற்றுவதென்றால் இரண்டையும் கழற்ற வேண்டும். இல்லையென்றால் இரண்டும் இருக்க வேண்டும்.

முழுமையாகக் கழற்றுவதற்கு ஓவர்ஹால் ஒன்றுதான் ஏற்ற தருணம் என்பதில் நான் மெக்கானிக்குகளோடு முற்றிலும் உடன்படுகிறேன். காரணம் ஆயில். ஷாஃப்டுகள் சுழலும் பேரிங்குகளுக்குப் பிளாக்கிலுள்ள துளைகள் வழியாக அழுத்தத்தோடு ஆயில் வருகிறது. ஷாஃப்டை உருவிவிட்டு பேரிங்கை அப்படியே விட்டால் அந்தத் துளைகள் திறந்த குழாய்களாகிவிடும். கிராங்க் பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு போக வேண்டிய ஆயில், எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியான சம்பில் கொட்டிவிடும். எனவே பேரிங்குகளைத் தட்டி வெளியே எடுத்து, அவற்றின் ஆயில் துளை பிளாக்கின் துளையோடு சேராதபடி திருப்பி, மறுபடி அடித்து இறக்க வேண்டும். இதைச் சரியான அளவுள்ள உருளையை வைத்து நேராக அடிக்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஓரம் மடங்கி ஆயில் கசியும். வேலை முடிந்ததும் துளை உண்மையில் மூடியிருக்கிறதா என்று ஆயில் வழியில் காற்றைச் செலுத்திப் பார்த்துவிடுவது நல்லது. பிளாக்கைச் சுத்தம் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், ஏனெனில் பேரிங்கைத் தட்டும்போது உதிரும் துகள்கள் ஆயில் வழியில் தங்கிவிடக் கூடாது.

ஆயில் பம்போடு இணைந்த ஷாஃப்டை அப்படியே எடுத்தெறிய முடியாது, ஏனெனில் பம்பின் ஒரு பல்சக்கரம் அதன்மீதுதான் அமர்ந்திருக்கிறது. அதற்குப் பதிலாக எடைப் பகுதி இல்லாத ஒரு குட்டை ஷாஃப்டைப் பூட்ட வேண்டும். முற்காலத்தில் பழைய ஷாஃப்டையே லேத்தில் வெட்டிப் பயன்படுத்தினார்கள். இப்போது தயாராகவே விற்கிறார்கள். வெட்டுவதில் சேமிக்கும் பணத்துக்காகப் பம்பைப் பணயம் வைக்க நான் விரும்ப மாட்டேன். மற்ற ஷாஃப்டின் முனை வெளியே நீண்டிருந்த ஃப்ரண்ட் கேஸ் (பிளாக்கின் முன்பக்க உறை) துளைக்கு மூடி போட வேண்டும். அந்த மூடி கசிந்தால் ஆயில் நேராக டைமிங் பெல்ட்டில் படும். பெல்ட் அபாயத்திலிருந்து தப்பிக்கத்தான் இவ்வளவும் செய்கிறோம் என்பதால் அங்கே அலட்சியம் கூடாது. கிராங்கின் முனையில் சிறிய பெல்ட்டுக்காக இருந்த உள்சக்கரத்தை எடுத்தால் அதே தடிமனுள்ள வளையம் ஒன்று அங்கே வர வேண்டும், இல்லையென்றால் டைமிங் சக்கரம் உள்வாங்கிப் பெல்ட் நேர்கோட்டில் ஓடாது. பலர் அந்தச் சக்கரத்தையே அங்கு விட்டுவிடுகிறார்கள், அதில் தவறில்லை. இவ்வளவுக்கும் ஒரு சிறு பரிசு உண்டு: இனி ஆயில் பம்ப் சக்கரத்தின் குறியைப் பற்றியும் அந்த 8 மிமீ சோதனையைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லை.

பட்டறைகளில் அதிகம் பேசப்படாத பின்விளைவு ஆயில் பிரஷர் ஏறுவது. பம்ப் அனுப்பும் ஆயிலின் அளவு மாறவில்லை, ஆனால் அதைக் குடித்துக்கொண்டிருந்த பேரிங்குகள் அடைக்கப்பட்டுவிட்டன. மிச்சமாகும் ஆயிலை ரிலீஃப் வால்வுதான் வெளியேற்ற வேண்டும். அதன் துளை அவ்வளவு ஆயிலையும் விட முடியாமல் திணறினால், குளிர்ந்த எஞ்சினை முடுக்கும்போது பிரஷர் எல்லை மீறி, சீல்களையும் ஃபில்டரையும் சோதிக்கும். ஆயில் ஃபில்டர் பொருந்தும் உறுப்பில் உள்ள ரிலீஃப் துளையைக் கவனமாகப் பெரிதாக்குவது இதற்கான வழக்கமான மாற்று. இந்த எஞ்சினுக்குத் தனியாக ஒரு ஆயில் பிரஷர் கேஜ் பூட்டாமல் ஷாஃப்டுகளைக் கழற்றக் கூடாது என்பது என் கருத்து. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு அழுத்தம் குறைந்தால்தான் எரியும், கூடினால் எரியாது.

இனி, ஓட்டும்போது எப்படி இருக்கிறது? ஐட்லிங்கில் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 22 கிலோ விசையை ரப்பர் மவுண்டிங்குகள் விழுங்கிவிடுகின்றன. 3000 ஆர்பிஎம் தாண்டும்போதுதான் மாறுகிறது. நெடுஞ்சாலையில் 110 கிமீ வேகத்தில் வீரா அந்த எல்லையில்தான் ஓடுகிறது. அப்போது எழும் அதிர்வு நொடிக்கு நூறு முறைக்குச் சற்று மேல் என்பதால் அது காதில் ஒரு தாழ்ந்த முழக்கமாகக் கேட்கிறது. கியர் லீவரிலும் பெடலிலும் ஒரு நுண்ணிய கூச்சம் தங்குகிறது. ரேஸுக்கென்று கெட்டியான மவுண்டிங்குகளைப் போட்டவர்களுக்கு இது பலமடங்காகும். ஈப்போவிலிருந்து ஜொகூருக்கு ஒரே மூச்சில் குடும்பத்தோடு போகிறவர்கள் இதை விரும்பமாட்டார்கள். ஓசையைவிட முக்கியமானது போல்ட்டுகள். எக்ஸாஸ்ட் தாங்கிகள், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், டர்போவுக்குப் போகும் ஆயில் குழாய் ஆகிய எல்லாவற்றின் போல்ட்டுகளையும் அவ்வப்போது மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. போர்ஷே 944இல் ஷாஃப்டுகளை எடுத்துப் பந்தயம் ஓட்டியவர்கள் சம்புக்குள் இருக்கும் ஆயில் உறிஞ்சுகுழாய் விரிசல் விடுவதாகச் சொல்லி, அதைப் பற்றவைத்து வலுப்படுத்துவது வழக்கம்.

பயன் இல்லாமல் இல்லை. எஞ்சின் 7500 ஆர்பிஎம்மில் ஓடும்போது இந்த ஷாஃப்டுகள் 15,000 ஆர்பிஎம்மில் சுழல்கின்றன. அந்த வேகத்தில் அவற்றின் பேரிங்குகள் தேய்வதும் ஆயில் சூடாவதும் உண்மையான கவலைகள். பேரிங் ஒன்று கெட்டால் ஷாஃப்ட் ஆயில் பம்பையும் கூடவே கெடுத்துக்கொண்டுதான் போகும். என் வீரா செப்பாங் ஓடுதளத்துக்குப் போய்வரும் கார். சாலையில் அது ஓடுவதே குறைவு. அதனால்தான் அதில் எடுத்தேன். குதிரைத் திறன் பெருகும் என்பதற்காக எடுக்கவில்லை. அப்படி ஏதேனும் கூடியிருந்தாலும் இருக்கையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும் அளவில் இல்லை.

இதே குடும்பத்தின் பெரிய எஞ்சினான 4ஜி64இன் கிராங்கைப் போட்டு எஞ்சினைப் பெரிதாக்க நினைப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். அதன் ஸ்ட்ரோக் 100 மிமீ. ராட் நீளம் அதே 150 மிமீ ஆக இருந்தால், பிஸ்டன் எடை மாறாவிட்டாலும் ஒரு சுற்றுக்கு இருமுறை உலுக்கும் அந்த விசை ஒரே ஆர்பிஎம்மில் 29 விழுக்காடு கூடிவிடுகிறது.

ஷாஃப்டைக் கழற்றுவதே சரியான சிகிச்சையாக இருக்கும் எஞ்சின்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகனின் பழைய 2.0 டிடிஐ டீசல்களில் சில, ஆயில் பம்பைப் பேலன்ஸ் ஷாஃப்ட் தொகுதியின் வழியாக ஒரு சிறிய அறுகோணக் கம்பியைக் கொண்டு ஓட்டின. அந்தக் கம்பியின் முனைகள் தேய்ந்து மழுங்கினால் பம்ப் நின்றுவிடும். அத்தோடு டர்போவும் பேரிங்குகளும் போய்விடும். 77 மிமீ கம்பியைப் பின்னர் 100 மிமீ ஆக நீட்டினார்கள். அந்தத் தொகுதியையே எடுத்துவிட்டு, 1.9 டிடிஐயில் உள்ளதைப்போலச் சங்கிலியில் ஓடும் பம்பைப் போடுகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அங்கே ஷாஃப்ட் எஞ்சினின் உயிர்நாடியோடு கட்டப்பட்டிருக்கிறது. 4ஜி63இல் அதற்கு இணையான பலவீனம் ஒரு பெல்ட். அதை மாற்ற முடியும்.

பெர்டானா அன்றாடம் வேலைக்கும் பள்ளிக்கும் போகும் கார், எஞ்சினும் டர்போ இல்லாத ஒற்றைக் கேம் 4ஜி63. அதில் இரண்டு பெல்ட்டுகளையும் அவற்றின் டென்ஷனர்களையும், ஷாஃப்டுகளின் பேரிங்குகளையும் சீல்களையும் புதிதாகப் போட்டோம். முழு ஓவர்ஹால் செலவில் இவை சிறு தொகைதான்.

கழற்றியே தீருவேன் என்பவர்கள் எடுத்த ஷாஃப்டுகளையும், சிறிய பெல்ட்டின் சக்கரங்களையும் டென்ஷனரையும் ஆயில் தடவிச் சுற்றி எடுத்துவையுங்கள். பின்னர் மனம் மாறினாலோ, கார் கைமாறி அடுத்தவர் கேட்டாலோ, திருப்பிப் போட எஞ்சினை முழுமையாக இறக்கி, புதிய பேரிங்குகளைத் துளை நேராக வரும்படி அடித்துத்தான் ஆக வேண்டும். அந்த நாளில் பேரிங் கடையில் கிடைக்கும், நல்ல நிலையில் உள்ள பழைய ஷாஃப்ட் கிடைப்பது அரிது.